ரேகை பதியாத முள்ளம்பன்றி

குளக்கரை மேட்டில் ஒரு முள்ளம்பன்றி வளை தோண்டிக் குடியிருந்தது. மண் தோண்டுவதில் அதை மிஞ்ச அந்தக் காட்டில் ஆள் கிடையாது. இது அதற்கும் தெரியும். சிக்கலே அதுதான்.

காட்டில் எல்லோர் கைக்கும் செல்போன் வந்தபோது முள்ளம்பன்றியும் ஒன்று வாங்கியது. அதை முதுகு முள்ளில் செருகிக்கொண்டு குளத்தைச் சுற்றி நடந்தது. யாராவது விசாரித்தால், "அதெல்லாம் நமக்கு அத்துப்படி!" என்று சொன்னது. மணி அடித்தால் மட்டும் புதருக்குள் ஓடிவிடும். எதை அமுக்கினால் பேசலாம் என்று அதற்குத் தெரியாது.

ஒருநாள் காட்டு அலுவலகத்தின் எழுத்தரான காகம் வந்து அறிவித்தது.

"எல்லோரும் அவரவர் இருப்பிடத்தைச் செயலியில் பதிவு செய்யுங்கள்! பௌர்ணமியோடு கெடு முடிகிறது! பதியாத வளையெல்லாம் காலி வளை!"

அன்று குளக்கரையில் ஒரு தலைகூட நிமிரவில்லை. எல்லோரும் போனுக்குள் இருந்தார்கள். காட்டெருமை மட்டும் போவோர் வருவோரை நிறுத்தி நிறுத்திக் கேட்டது.

"தம்பி முயலு, எதை அமுக்கணும்?"

"பச்சையா இருக்கே, அதை!"

"அமுக்கிட்டேன். இப்போ?"

"ஐயோ அக்கா, அஞ்சு தடவை சொல்லிட்டேன்!"

"ஆறாவது தடவையும் சொல்லு. எனக்கு ஒன்னும் அவசரமில்லை."

முள்ளம்பன்றி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "நாலு பேர் முன்னால இப்படியா மானத்தை வாங்கிக்கிறது!"

பிறகு அது புதர் மறைவுக்குப் போய், கண்ணில் பட்டதையெல்லாம் அமுக்கியது. எப்படியோ செயலி திறந்துகொண்டது. "விரலை வைக்கவும்" என்றது போன். வைத்தது. "ரேகை பொருந்தவில்லை." துடைத்து வைத்தது. நக்கி வைத்தது. "ரேகை பொருந்தவில்லை." காலமெல்லாம் மண் தோண்டிய விரல். ரேகை என்றோ தேய்ந்துபோயிருந்தது.

அந்த வழியாகக் கீரி வந்தது.

"என்ன மாமா, போன் மக்கர் பண்ணுதா?"

"மக்கரா? சும்மா சரிபார்த்துக்கிட்டு இருக்கேன்!"

"உங்களுக்குத் தெரியாததா மாமா! இருந்தாலும் இந்த எடுபிடி வேலையெல்லாம் நீங்க செய்யலாமா? குடுங்க, நொடியில முடிச்சுத் தர்றேன்."

முள்ளம்பன்றி நிம்மதியாகப் போனைக் கொடுத்தது. கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் அதற்கு அவமானம். ஆள் வைத்துச் செய்வது கௌரவம்.

கீரி தன் விரலை வைத்து, மளமளவென்று எதையெதையோ அமுக்கியது. "டிங்!"

"முடிஞ்சது மாமா!"

பௌர்ணமிக்கு முந்தின நாள் வானம் கறுத்தது. வளைக்குள் முள்ளம்பன்றியின் மனைவி இரண்டு குட்டிகளை ஈன்று நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அப்போது கீரி மூட்டை முடிச்சோடு வாசலில் வந்து நின்றது.

"காலி பண்ணுங்க மாமா! மழைக்கு முன்னால நான் குடிவரணும்!"

"என்னடா உளர்றே? இது என் வளை!"

காகத்தை அழைத்தார்கள். காகம் செயலியைப் பார்த்தது.

"பதிவு கீரியின் பெயரில் இருக்கிறது. ரேகை கீரியுடையது. வாசல் ஒன்று என்று பதிந்திருக்கிறது."

"தோண்டினது நான், ஐயா!"

"யார் தோண்டினது என்று செயலி கேட்பதில்லை. நாளை மாலைக்குள் செயலியிலேயே ஆட்சேபம் போடலாம். போடாவிட்டால் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்."

"மாமாவாவது, ஆட்சேபம் போடறதாவது!" என்று கீரி சிரித்தது.

முள்ளம்பன்றி தலை குனிந்து வளைக்குள் போனது. மனைவி சொன்னது: "உங்களுக்குத்தான் எல்லாம் அத்துப்படியாச்சே. போடுங்களேன்!"

"எனக்கு ஒன்னுமே தெரியாது."

"அது எனக்கு எப்பவோ தெரியும். தெரிஞ்சவங்களைப் போய்க் கேளுங்க!"

குளத்துச் சேற்றில் காட்டெருமை படுத்திருந்தது. முள்ளம்பன்றி மூன்று முறை தொண்டையைச் செருமியது.

"அக்கா... எதை அமுக்கணும்?"

"எங்கே, காட்டு."

"விரல் பதிய மாட்டேங்குது. ரேகை தேஞ்சு போச்சு."

"உனக்குத் தேஞ்சு போச்சு. என் குளம்புல ரேகையே கிடையாது! அதனாலதான் அத்தனை தடவை கேட்டேன். கீழே மூஞ்சி மாதிரி ஒரு படம் இருக்கு பாரு. அதை அமுக்கி, உன் மூஞ்சியைக் காட்டு."

காட்டியது. போன் ஏற்கவில்லை.

"முள்ளை மடக்குடா! மூஞ்சியே தெரியலை!"

மடக்கியது. செயலி திறந்தது. ஆட்சேபம் என்ற இடத்தை அமுக்கச் சொல்லிவிட்டு, அடுத்தவர் பதிவைப் பார்க்கக் கூடாதென்று காட்டெருமை கண்ணை மூடிக்கொண்டது. முள்ளம்பன்றியே அமுக்கியது. முதல் கேள்வி வந்தது: "வளைக்கு வாசல்கள் எத்தனை?"

"மூணு!" என்று கத்திக்கொண்டே மூன்றை அமுக்கியது முள்ளம்பன்றி.

மறுநாள் தூறலுக்கு நடுவே காகம் நேரில் வந்து பார்த்தது. கீரியைக் கேட்டது: "மற்ற இரண்டு வாசல்கள் எங்கே?"

கீரி இங்கும் அங்கும் ஓடியது. முகர்ந்து பார்த்தது. "எலி ஏதாவது தோண்டியிருக்கும்" என்று முணுமுணுத்தது. முள்ளம்பன்றி நேராகப் போய்க் கோரைப்புல்லை விலக்கி ஒன்றைக் காட்டியது. பாறைக்குப் பின்னால் இன்னொன்றைக் காட்டியது.

காகம் பதிவை மாற்றியது. "இனி வேறு யாரும் நுழையாதபடி ஒரு ரகசிய எண் வைத்துக்கொள்" என்றது.

கீரி அப்போதும் சளைக்கவில்லை. "எந்த எண் வேணும்னு என் காதுல சொல்லுங்க மாமா. நானே போட்டுத் தர்றேன்!"

முள்ளம்பன்றியின் முட்கள் அத்தனையும் சிலிர்த்து நின்றன. கீரி மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு மழைக்குள் ஓடியது.

முள்ளம்பன்றி போனைக் காகத்திடம் கொடுக்கவில்லை. தன் கையிலேயே வைத்துக்கொண்டு உரக்கக் கேட்டது: "எழுத்தரே, நான்தான் அமுக்குவேன். எங்க அமுக்கணும்னு மட்டும் சொல்லுங்க!"

தெரியாததைக் கேட்க வெட்கப்பட்டுப் பிறர் கையில் ஒப்படைப்பவர், தன் வீட்டுச் சாவியையும் சேர்த்தே ஒப்படைக்கிறார்.