கரிச்சான் மேல் விழுந்த பழி

அந்தக் காலத்தில் பறவைகளும் விலங்குகளும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. மினுக்கி என்ற கரிச்சான் குருவி மட்டும் தன் குரலை விட்டுவிட்டு மற்ற எல்லார் குரலிலும் பேசும். ஆந்தைபோல அலறி அணிலை ஓடவிடும். குட்டிபோலச் சிணுங்கிக் குரங்கைத் தேடவிடும். அப்புறம் கிளையில் உட்கார்ந்து வால் துடிக்கச் சிரிக்கும்.

ஒருநாள் தரைக்கு அடியிலிருந்து 'கடமுட கடமுட' என்று ஓர் உறுமல் கேட்டது. மினுக்கிக்குக் கொண்டாட்டம். அதையும் பழகிக்கொண்டு காடு முழுக்க உறுமித் திரிந்தது.

மறுநாள் காலையில் நிலம் நிஜமாகவே ஆடியது. அணிலின் கூடு விழுந்து சிதறியது.

"எல்லாம் இவ கத்தினதாலதான்!" என்று கத்தியது அணில்.

காட்டுக்குப் பெரியவரான யானை கொம்பையா துதிக்கையை நீட்டினார். "பொழுது சாயறதுக்குள்ள காட்டை விட்டுக் கிளம்பு."

"ஐயோ மாமா, நான் இல்ல! கீழ ரெண்டு பெரிய ஆமைங்க படுத்திருக்கு. நாம நிக்கிறதே அதுங்க முதுகு மேலதான். அதுங்க முதுகு ஓடு ரெண்டும் இடிச்சு மாட்டிக்கும். ஒண்ணு திமிறி வழுக்கினா நிலம் ஆடும். தரை வெடிப்புல காது வச்சுக் கேட்டேன். 'தள்ளிப் படுடா!' 'நீ தள்ளுடா தடியா!'"

அந்த இரண்டு குரல்களும் அத்தனை அச்சு அசலாக இருந்ததில் கொம்பையாவே துள்ளிவிட்டார்.

"பாத்தீங்களா, அதுவும் இவ குரல்தான்!" என்றது அணில்.

பேச்சே பகையாகிப் போனது. மினுக்கி அழுதுகொண்டே நாவல் மரத்தடிக்குப் போனது. அங்கே தாழ்ந்த கிளையில் குண்டு வௌவால் ஒன்று, வாயில் கவ்விய நாவல் பழத்தோடு தலைகீழாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் பழம் உரசிய பாறையில் ஊதா நிறத்தில் ஒரு கோடு.

மினுக்கியின் அழுகை நின்றது. "மாமா, ஓடி வாங்க! பாறைதான் ஆடியிருக்கு, வௌவால் சித்தப்பா ஆடல. அதான் கோடு! இதைத் துடைச்சிட்டு நான் கத்துறேன், கோடு விழுதான்னு பாருங்க."

கத்தியது பாருங்கள் ஒரு கத்து! அணில் பயந்துபோய் யானையின் காதுக்குள் புகுந்துகொண்டது. பாறையிலோ வெறும் ஊதாப் புள்ளி.

"எதுக்கும் இருக்கட்டும்" என்று கொம்பையா மினுக்கியின் அலகைத் துதிக்கையால் இறுக்கிப் பிடித்தார். பிடித்த பிடி விடுவதற்குள் நிலம் குலுங்கியது. வௌவால் அசையவில்லை. அதன் வாய்ப் பழத்துக்கு அடியில் பாறை முன்னும் பின்னும் போக, புள்ளி நீண்டு கோடாயிற்று!

காதுக்குள்ளிருந்து அணில் மெதுவாகத் தலையை நீட்டியது. "அப்போ... ஆமைங்கதானா?"

"என்னை மன்னிச்சிடு தாயி" என்று அலகை விட்டார் கொம்பையா.

அப்புறம் என்ன, ஒரே கும்மாளம்தான். யானை குதித்தால் குட்டிக் கோடு, குரங்கு குதித்தால் ஒன்றுமே இல்லை.

"தூங்க விடுங்கப்பா!" என்று முனகியது வௌவால்.

அன்று முதல்தான் நிலநடுக்கத்தை அளக்கும் கருவிக்குள் கனத்த குண்டு ஒன்று அந்த வௌவாலைப்போலவே தொங்குகிறது. பூமி கொஞ்சம் ஆடினால் சின்னக் கோடு, நிறைய ஆடினால் பெரிய கோடு. கரிச்சான் எத்தனை குரலில் கத்தினாலும், அதன்மேல் யாரும் பழி போடுவதே இல்லை.