அரசர் சொன்ன பொய்

முன்னொரு காலத்தில் வெள்ளாற்றுக்குத் தெற்கே மழவராயன் என்றொரு அரசன் ஆண்டு வந்தான். நல்ல மனசுக்காரன்தான், ஆனால் நினைத்த நேரத்தில் நினைத்த சட்டம் போடுவான். காக்கை கரைந்து தூக்கம் கெட்டால், அரண்மனை மரங்களில் காக்கை உட்காரக் கூடாது என்று முரசறையச் சொல்வான். அப்படி வந்த சட்டங்களில் ஒன்று அரண்மனையையே வாயடைக்க வைத்தது. 'அரசருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்கிறவர் நாட்டை விட்டுப் போக வேண்டும். வைத்தியம் பார்க்க எவரும் அரசரைத் தொடக் கூடாது.'

அவன் சிறுவனாக இருந்த நாளில், தந்தை படுக்கையில் கிடந்தபோது வைத்தியர் வந்து நாடி பார்த்தார். விடிவதற்குள் பெரியவர் போய்விட்டார். நாடி பார்த்ததால்தான் உயிர் போயிற்று என்று மழவராயன் மனதில் பதிந்துவிட்டது.

"வைத்தியர்கள்தான் அரசே, நோயைக் கையோடு கொண்டு வருகிறார்கள். தங்களுடையதோ வைரம் பாய்ந்த உடம்பு!" என்று தூபம் போட்டார் கோபண்ணர் என்ற அவைப் பிரமுகர். மந்திரி பதவியின் மேல் அவருக்கு ஒரு கண்.

மந்திரி பொன்னம்பலர் ஒரு நாள் காலை அரசனோடு பேசிக்கொண்டே நந்தவனத்தில் நடந்தார். அரசனின் இடது கால் செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. அவனுக்கு அது தெரியவில்லை. வெறுங்காலோடு நெருஞ்சி முள்ளின் மேல் ஏறி நடந்தான். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. மணலில் அடிக்கு அடி ரத்தம் பதிந்தது.

பொன்னம்பலர் அந்தச் சுவடுகளைப் பார்த்தார். வாயைத் திறந்தால் நாடு கடக்க வேண்டும். திறக்காவிட்டால் அரசனுக்குக் கால் போகும், பிறகு உயிரும் போகும்.

அன்றே அவர் மருதாயி என்ற வைத்தியச்சியின் வீட்டுக்குப் போனார்.

"அம்மா, அரசர் கையை நீட்ட மாட்டேன் என்கிறார். நான் நீட்ட வைக்கிறேன், நீ வந்து பார். மாட்டிக்கொண்டால் நாம் இருவரும் எல்லைக்கு அப்பால்தான்."

"எல்லைக்கு அப்பாலும் நோயாளிகள் இருப்பார்களே ஐயா," என்றாள் மருதாயி. "வருகிறேன்."

மறுநாள் அவையில் அரசன் வழக்கம்போல அலுத்துக்கொண்டான். "இங்கே யார் உண்மை பேசுகிறார்கள், யார் பொய் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை, மந்திரியாரே!"

இதற்காகவே காத்திருந்த பொன்னம்பலர் எழுந்தார். "அரசே, நம் ஊரில் மருதாயி என்று ஒருத்தி இருக்கிறாள். கையைப் பிடித்தால் போதும், பொய்யைக் கண்டுபிடித்துவிடுவாள்."

அரசன் கண்கள் பளபளத்தன. "கூப்பிடும்! முதலில் கோபண்ணரின் கையைப் பிடிக்கட்டும்."

மருதாயி வந்து கோபண்ணரின் மணிக்கட்டில் விரல் வைத்தாள். "நேற்று அரசர் பாடினாராமே, எப்படி இருந்தது ஐயா?"

"அமுதம்! தேன்! கந்தர்வ கானம்!"

"அரசே, நாடி மாட்டுவண்டி போலக் கடகடவென்று ஓடுகிறது," என்றாள் மருதாயி.

அவையே சிரித்தது. அரசன்தான் அதிகம் சிரித்தான். "இப்போது என்னைச் சோதி! என் பொய்யைக் கண்டுபிடி பார்ப்போம்!" என்று தானாகவே கையை நீட்டினான்.

மருதாயி நிதானமாக நாடி பார்த்தாள். "இரவில் தண்ணீர் குடிக்க எத்தனை முறை எழுவீர்கள்?"

"எழுவதே இல்லை." அவள் புன்னகைத்தாள். அரசன் நெளிந்தான். "சரி, சரி, நாலைந்து முறை."

"கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இப்போது மயிலிறகால் எந்தக் காலைத் தொட்டேன்?"

"தொடவே இல்லையே?"

அவள் இரண்டு பாதங்களையும் தொட்டிருந்தாள். முன்வரிசையில் இருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். சிரிப்பு மெல்ல அடங்கியது.

"கடைசிக் கேள்வி அரசே. தங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?"

"எனக்கென்ன? நன்றாக இருக்கிறது!"

மருதாயி கையை விட்டாள். "இதுதான் பொய்."

கோபண்ணர் துள்ளி எழுந்தார். "சட்டத்தை மீறிவிட்டாள்! இவள் வைத்தியச்சி! மந்திரியின் சூழ்ச்சி இது!"

அரசனின் முகம் சிவந்தது. "மந்திரியாரே, என்ன இது?"

பொன்னம்பலர் முன்னே வந்து நின்றார். "அரசே, இவள் வைத்தியம் பார்க்க வரவில்லை. பொய் பிடிக்க வந்தாள், பிடித்தாள். தங்களுக்கு உடம்பு சரியில்லை என்றும் சொல்லவில்லை. தாங்கள் சொன்னதைப் பொய் என்றாள், அவ்வளவுதான். சட்டத்தில் அதற்குத் தடை இல்லையே? கோபம் தீராவிட்டால் நான் இன்றே எல்லை தாண்டுகிறேன். அதற்கு முன் ஒருமுறை தங்கள் இடது உள்ளங்காலைப் பாருங்கள்."

அரசன் காலை மடக்கிப் பார்த்தான். முள் தைத்த இடம் வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. விரலால் அழுத்தினான். வலிக்கவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

"எனக்கு இன்னும் எத்தனை நாள் அம்மா?" என்று மெல்லிய குரலில் கேட்டான்.

மருதாயி அவன் காலடியில் உட்கார்ந்தாள். "இது நீரிழிவு அரசே. பாதம் மரத்துப்போகும், முள் தைத்தாலும் தெரியாது. தங்கள் தந்தைக்கும் இதுவாகவே இருந்திருக்கலாம். நாடி பார்த்ததால் அவர் போகவில்லை. கடைசி இரவு வரை யாரும் பார்க்காததால் போனார். தாங்கள் நேரத்தோடு கையை நீட்டியிருக்கிறீர்கள். காலுக்கு மருந்து வைக்கிறேன். இனிப்பைக் குறையுங்கள், புண் ஆறியதும் தினமும் நடங்கள், மாதம் ஒருமுறை என்னிடம் காட்டுங்கள். நாள் கணக்கெல்லாம் வேண்டாம், பல வருஷம் இருப்பீர்கள்."

சிறுவயதிலிருந்து நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியதுபோல அரசன் பெருமூச்சு விட்டான். பழைய சட்டத்தை அப்போதே ரத்து செய்தான். மருதாயியை அரண்மனை வைத்தியச்சியாக்கினான். பொன்னம்பலரைத் தழுவிக்கொண்டு தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டான். ஊர் மண்டபத்தில் மாதந்தோறும் நோய் இல்லாதவர்களும் வந்து உடம்பைக் காட்டிக்கொள்ள ஏற்பாடு செய்யச் சொன்னான்.

பிறகு கோபண்ணரைத் திரும்பிப் பார்த்தான். "வைர உடம்பு என்றீரே, அந்த வைரத்தில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளும். நாளையிலிருந்து காலையில் என் இரண்டு உள்ளங்காலையும் பார்த்துச் சொல்வது உமது வேலை."

அவை சிரிப்பில் குலுங்கியது. மறுநாள் காலை கோபண்ணர் வெட்கத்தோடு விளக்கும் கையுமாக அரசன் காலடியில் குனிந்தார். முதலில் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் பார்த்தார். போகப் போகக் கண் பழகியது. மழைக்காலத்தில் ஒரு நாள் காலையில், சுண்டுவிரல் இடுக்கில் கடுகளவு கொப்புளம் தெரிந்ததும் மேல்துண்டு நழுவுவதுகூடத் தெரியாமல் மருதாயியைக் கூப்பிட ஓடினார். மருந்து வைத்ததும் கொப்புளம் அமுங்கிவிட்டது.

"கோபண்ணரே," என்றான் அரசன், "இத்தனை வருஷத்தில் என்னைப் புகழாமல் நீர் செய்த முதல் நல்ல காரியம் இது."

கோபண்ணர் விளக்கைக் கொஞ்சம் தூண்டிவிட்டு, அடுத்த பாதத்தைப் பார்க்கக் குனிந்தார்.