கயிற்றுக்கு ஒரு ஊசி

ஒட்டுப்பாறைக்காரர்களைப் பற்றிச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அவர்களிடமே கேட்டுப் பாருங்கள், "ஆமா, அப்படித்தான் செஞ்சோம், அதுல என்ன?" என்பார்கள்.

அந்த ஊரில் கயிறு இழுக்கும் அணிக்குத் தலைவன் மாசிலாமணி. பொங்கலுக்குப் பொங்கல் கீழ்ப்பாறை அணியோடு இழுப்பார்கள், தோற்பார்கள். தோற்ற தலைவன் ஜெயித்தவர்களுக்குப் பந்தி பரிமாற வேண்டும் என்பது அங்கே வழக்கம். கீழ்ப்பாறைத் தலைவன் உக்கிரபாண்டியோ மாசிலாமணியின் பெண்டாட்டிக்கு அண்ணன். "மாப்ளே, ரசம் இன்னும் கொஞ்சம்" என்று அவன் கையை நீட்டும்போதெல்லாம் மாசிலாமணிக்கு வயிறு எரியும். இந்த வருஷம் மச்சான் கையால் ரசம் வாங்கிக் குடித்தே தீருவேன் என்று சபதம் போட்டிருந்தான்.

அணியின் கடைசி ஆள் பரஞ்சோதி எந்நேரமும் சோர்ந்து கிடப்பான். கயிற்றைப் பிடித்தபடியே தூங்கியும் இருக்கிறான். டாக்டரம்மா அவன் ரத்தத்தைச் சோதித்து, டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைவு என்று கண்டு, ஊசி போட ஆரம்பித்தார். சில மாதத்தில் ஆள் நிமிர்ந்துவிட்டான். பார்த்தவர்களுக்கெல்லாம் ஆசை பிடித்துக்கொண்டது. சந்தையில் ஜிம் நடத்தும் ஒருவன், "அதுவும் என் ஸ்டீராய்டும் ஒண்ணுதான், வாங்கிப் போட்டுக்கங்க" என்றான். மாசிலாமணி விவரமானவன். எதற்கும் டாக்டரம்மாவைக் கேட்டுவிடுவோம் என்று அணி ஆட்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனான்.

"பரஞ்சோதிக்குச் சுரக்க வேண்டியது சுரக்கலை. குறைஞ்சதை மட்டும் அளந்து ஈடு கட்டுறேன். சரியான அளவைத் தாண்ட விடமாட்டேன்" என்றார் அவர். "ஜிம்காரன் சொல்றது, நல்லா இருக்கிற உடம்புல கண்டமேனிக்கு ஏத்துறது. இதயம் கெடும். உடம்பு தானாச் சுரக்கிறதையே நிறுத்திடும். புள்ளை பொறக்கிறதும் கஷ்டம். பலவீனமா யாரு இருந்தாலும் காலையில சாப்பிடாமக் கூட்டிட்டு வாங்க. சோதிச்சுப் பாத்துட்டுத்தான் ஊசி."

மறுநாளே பட்டினியாகப் போய் ரத்தம் கொடுத்தார்கள். ஒருத்தனுக்கும் ஒரு குறையும் இல்லை என்று முடிவு வந்தது. இடி விழுந்தாற்போல் உட்கார்ந்துவிட்டார்கள். கோட்டைச்சாமி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அக்கம்பக்கத்தார் துக்கம் விசாரிக்க வந்தார்கள்.

"கொஞ்சம்கூடவா குறையலை?"

"எல்லாம் சரியா இருக்காம். நம்ம தலையெழுத்து."

சடையப்பன் நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னான். "ஜிம்காரன் மருந்தைப் போட்டா உடம்பு சுரக்கிறதை நிறுத்திடும்னு டாக்டரம்மாவே சொன்னாங்கல்ல? முதல்ல அதைப் போட்டுக் கெட்டுப்போவோம். அப்புறம் டாக்டரம்மாகிட்ட முறைப்படி ஊசி வாங்கிக்குவோம்."

"முறைப்படி போறதுதான் நமக்கும் மரியாதை" என்றான் கோட்டைச்சாமி.

"அவங்க சரியான அளவுக்குத்தானே ஏத்துவாங்க? அது உங்ககிட்ட இப்பவே இருக்கே" என்றான் பரஞ்சோதி. தூக்கம் தெளிந்ததிலிருந்து அவன் இப்படித்தான், ஏடாகூடமாகப் பேசுகிறான்.

மாசிலாமணிக்கு வேறு கவலை. புள்ளை பிறக்காமல் போனால் மச்சான் அதற்கும் சிரிப்பானே. அந்தப் பேச்சை அதோடு நிறுத்திவிட்டு அணியைப் பயிற்சிக்கு இழுத்துப் போனான். கயிற்றின் மறுமுனையைப் புளியமரத்தில் கட்டி, ஐலசா போட்டு இழுத்தார்கள். கயிறு பட்டென்று அறுந்தது. எல்லோரும் மல்லாக்க விழுந்தார்கள். விழுந்த இடத்திலேயே மாசிலாமணிக்கு ஞானம் பிறந்தது.

"டேய், நாமெல்லாம் நல்லா இருக்கோம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. புளியமரமும் நல்லாத்தான் நிக்குது. அப்போ பலவீனம் யாருக்கு?"

எல்லோரும் கயிற்றைப் பார்த்தார்கள். பாவம், இத்தனை வருஷமாக அதை யாருமே கவனிக்கவில்லை.

அடுத்த நாள் காலையில், அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டு, கயிற்றைத் தூளியில் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்போதும் கயிறாகத்தான் இருந்தது.

"நேத்துச் சாயங்காலத்துல இருந்து இதுக்கு ஒண்ணும் குடுக்கலைங்கம்மா" என்றான் மாசிலாமணி பவ்யமாக.

டாக்டரம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, அவன் கயிற்றைப் பிரித்து, நடுவில் கட்டியிருந்த சிவப்புத் துணியைக் காட்டி, குரலைத் தாழ்த்தினான்.

"ஊசியை மட்டும் துணிக்கு இந்தப் பக்கமாப் போடுங்கம்மா. அந்தப் பக்கம் என் மச்சான் பிடிக்கிறது."