தொட்டியின் வழவழப்பு

ஒரு பால் பண்ணையில் ஓர் எவர்சில்வர் தொட்டி இருந்தது. தன் உட்புறத்தைப் பற்றி அதற்கு அப்படி ஒரு பெருமை.

"தொட்டுப் பாருங்க, வெண்ணெய் தோத்துடும்" என்று பால் குழாயிடம் தினமும் சொல்லும்.

தேய்க்கும் பிரஷ்ஷைக் கண்டால் மட்டும் அலறும். "ஏ பரட்டைத்தலை, கிட்ட வராதே! கீறல் விழும்."

பண்ணைக்காரர்களுக்கும் அதே பயம். குழாய் வாயைத் தேய்ப்பதோடு பிரஷ்ஷை நிறுத்திவிட்டார்கள். தொட்டிக்குள் வெந்நீரும் கிருமி மருந்தும் மட்டும் ஓடும்.

அங்கிருந்து போன பால் மூன்று நாளாக வீடுகளில் காய்ச்சும்போதே திரிந்தது. நான்காம் நாள் காலை மேற்பார்வையாளர் மகிமைராஜ் பிரஷ்ஷைத் தூக்கிக் குப்பைக் கூடையில் எறிந்தார்.

"இந்தச் சனியன்தான் அழுக்கைச் சுமந்துக்கிட்டுத் திரியுது. கொளுத்துங்க."

"நல்லாச் சொன்னீங்க" என்றது தொட்டி.

கழுவுகிற செண்பகவல்லி விடவில்லை. "சார், சோதனைத் தண்ணி அடிச்சுப் பார்த்துட்டுக் கொளுத்துவோம். கிருமி ஒட்டியிருந்தா நுரைக்கும்."

பிரஷ்மேல் அடித்தாள். இரண்டே குமிழி. குழாய் வாயில் ஒன்றுமில்லை.

"தொட்டியிலயும் சும்மா ஒரு அடி" என்றார் மகிமைராஜ்.

தொட்டி சிரித்தது. சிரித்து முடிப்பதற்குள் புஸ்ஸென்று நுரை கிளம்பியது. அடியிலிருந்து கழுத்துவரை, பால் பொங்குகிற மாதிரி.

"அடப்பாவி!" மகிமைராஜ் பின்வாங்கினார்.

"யாரு? என்மேல யாரு?" தொட்டிக்கு நாக்குழறியது.

"நாங்கதான் அக்கா" என்றன ஆயிரம் சின்னக் குரல்கள். "ரெண்டு மாசமா இருக்கோம்."

"வெந்நீர் வந்துச்சே? மருந்து வந்துச்சே?"

"பால் மிச்சத்துல ஒட்டிக்கிட்டுப் போர்வை பின்னிப் போர்த்திக்கிட்டோம். மருந்து போர்வையை நனைச்சுட்டுப் போயிடும். பிரஷ்தான் கிழிக்கும். அதையும் நீயே விரட்டிட்டே."

"பொய்! என் வழவழப்பைத் தொட்டுப் பாருங்க!"

"அந்த வழவழப்பே நாங்கதான் அக்கா."



செண்பகவல்லி கூடையிலிருந்து பிரஷ்ஷை எடுத்து அலசினாள். முதலில் சோப்புக் கரைசல், பிறகு மூலைமுடுக்கெல்லாம் தேய்ப்பு, மருந்து அதற்கப்புறம்தான். பிரஷ்ஷின் மயிர் பாதி வளைந்துபோனது. குரல்கள் ஒவ்வொன்றாய் அடங்கின.

கடைசியில் அவள் ஈர விரலால் தொட்டியின் சுவரில் ஓர் இழுப்பு இழுத்தாள்.

கிரீச்!

தொட்டி நடுங்கிவிட்டது. "ஐயோ, இது யார் குரல்?"

"உன்னுதுதான்" என்றது பிரஷ், மூச்சு வாங்கிக்கொண்டு. "இத்தனை நாள் அவங்கதான் பேசிக்கிட்டிருந்தாங்க."