கூராயி குளியலறையை இடித்துக் கட்டிய கதை

கரட்டுமலை அடிவாரத்தில் ஒரு முள்ளம்பன்றிக் குடும்பம் வளை தோண்டி வாழ்ந்து வந்தது. வீட்டுக்காரியின் பெயர் கூராயி. கணவன் சிலும்பன். கூடவே பார்வை மங்கிப்போன மாமனார் ஒருவர், ஓரிடத்தில் நிற்காத குட்டிகள் இரண்டு.

ஐந்து பேருக்கும் சேர்த்து வளையின் பின்பக்கம் ஒரே ஓர் அறைதான். மலையில் கசியும் ஊற்றுநீர் அதன் ஓரமாக ஓடி வெளியேறும். குளிப்பதும் அங்கேதான், காலைக்கடன் கழிப்பதும் அங்கேதான்.

ஒருநாள் கூராயி குட்டிகளின் படுக்கைச் சருகைத் தூக்கிப் பார்த்தாள். அடியெல்லாம் ஈரம்! குளியலறைச் சுவர் ஊறி, தண்ணீர் இந்தப் பக்கம் இறங்கியிருந்தது. குட்டிகள் பத்து நாளாகத் தும்முவது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. அடைமழைக்கு இன்னும் இருபது நாள் இருந்தால் அதிகம். மழை பிடித்தால் சுவர் விழும். விழுந்தால் தூங்குகிற குட்டிகள் மேல்தான் விழும்.

"இடிச்சுக் கட்டிடணும்!" என்றாள் கூராயி.

பெருச்சாளி மேஸ்திரி வந்தார். சுவரைத் தட்டினார், மோந்து பார்த்தார், மீசையைத் தடவினார்.

"மூணே நாள் வேலை, தாயி! நாலாம் நாள் புது அறையில குளிக்கலாம்!"

சிலும்பனுக்கு வாயெல்லாம் பல். "மூணு நாள்தானே! எப்படியாவது ஓட்டிடலாம்!"

"எப்படி ஓட்டுறது? சொல்லுங்க!" என்றாள் கூராயி. "நாளைக்குக் கண்ணு முழிச்சதும் உங்க அப்பா எங்கே போவார்?"

"வெளியே எங்கேயாவது..."

"எங்கேயாவது போனா, வாடை பிடிச்சுக்கிட்டு நரி வரும். அந்த நேரம் பார்த்து நம்ம வீட்டுக்குப் பின்சுவரும் இருக்காது!"

கூராயி மேஸ்திரி பக்கம் திரும்பினாள். "அஞ்சு நாள் கழிச்சு வாங்க. அதுவரைக்கும் ஒரு பிடி மண்ணைக்கூடத் தொடக் கூடாது!"

"மூணு நாள் வேலைக்கு அஞ்சு நாள் ஏற்பாடா!" என்று மேஸ்திரி சிரித்தார். சிலும்பனும் சேர்ந்து சிரித்தான். கூராயி சிரிக்கவில்லை. அவளுக்குத் தலைக்கு மேல் வேலை இருந்தது.

முதலில் இடம் தேடினாள். ஏரிக்கரை வேண்டாம், எல்லா மிருகமும் தண்ணீர் குடிக்க வரும் இடம். வேப்பமரத்தடி வேண்டாம், நாலு பக்கமும் திறந்து கிடந்தது. கடைசியில் பாறைக்குப் பின்னால் அடர்ந்த சூரைப்புதர் ஒன்று அகப்பட்டது. உள்ளே நுழைய ஒரே வழி. காற்றும் வீட்டுப் பக்கம் வீசாமல் மலைப் பக்கம் வீசியது. அங்கே குழி தோண்டினாள். போனவுடன் மூடுவதற்குக் காய்ந்த மண்ணைப் பக்கத்திலேயே குவித்தாள். சுரைக்குடுக்கையில் தண்ணீர் வைத்தாள்.

பிறகு வீட்டுக்குள் வந்தாள். பின்சுவரை ஒட்டி அடுக்கியிருந்த கிழங்குகளை வாசல் பக்கம் உருட்டினாள். குட்டிகளின் படுக்கையை ஈரமில்லாத மூலைக்கு மாற்றினாள். புழுதி வராமல் இருக்கக் கொடியால் தட்டி பின்னி, குறுக்கே நிறுத்திச் சேறு பூசினாள்.

"கேட்டுக்கோங்க எல்லாரும்!" என்றாள். "முதல்ல மாமா, குட்டிங்க அவரைக் கூட்டிட்டுப் போகணும். அப்புறம் குட்டிங்க. கடைசியா நீங்க!"

"நான் ஏன் கடைசி?" என்றான் சிலும்பன்.

"நீங்க உள்ளே போனா வெளியே வர ஒரு யுகம் ஆகுதே, அதனாலதான்!"

வேலை தொடங்கும் முன்பே எல்லோரும் இரண்டு நாள் புதருக்குப் போய்ப் பழக வேண்டும் என்றும் சொல்லிவிட்டாள். அது நல்லதாகப் போயிற்று. இரண்டாம் நாள் பார்த்தால் மாமனாரின் குடுக்கையில் தண்ணீர் வைத்தது வைத்தபடி இருந்தது.

"மாமா, தண்ணி குடிக்கலையா?"

"தாகம் இல்லம்மா."

அவர் உதடு வறண்டு வெடித்திருந்தது. கூராயி அவர் அருகில் உட்கார்ந்தாள். "குட்டிங்க கூட்டிட்டுப் போறது உங்களுக்குக் கூச்சமா இருக்கா, மாமா?"

பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இந்த வயசுல அதுக்குமா ஒருத்தர் துணைக்கு வரணும்? தண்ணி குடிக்கலைன்னா போக வேண்டாம் பாரு. மூணு நாள்தானே, தாங்கிப்பேன்."

கூராயி எழுந்தாள். ஓடைக்குப் போனாள். ஒவ்வொரு கூழாங்கல்லாக வாயில் கவ்விக்கொண்டு வந்தாள். வாசலிலிருந்து சூரைப்புதர்வரை இரண்டு வரிசையாகப் பதித்தாள். வாய் ஓரம் தோலுரிந்து ரத்தம் வந்தது. அவள் நிறுத்தவில்லை.

"மாமா, ரெண்டு பக்கமும் காலுக்குக் கல் தட்டும். நடுவுல நடந்தா நேரே போய்ச் சேரலாம். யாரும் கூட வர மாட்டாங்க!"

பெரியவர் தனியாகப் போனார், தனியாகவே திரும்பி வந்தார். வந்ததும் ஒரு குடுக்கைத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

சொன்ன நாளில் மேஸ்திரி வந்தார். வேலை மளமளவென்று நடந்தது. மூன்றாம் நாள் தலையைச் சொறிந்தார்.

"குறுக்கே ஒரு பாறை நிக்குது, தாயி. சுத்தி வெட்டணும். இன்னும் ரெண்டு நாள் ஆகும்!"

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. சொந்தக்காரர் வளையில் கல்யாணமாம்! பின்சுவர் இருந்த இடத்தில் பெரிய ஓட்டை. கூராயி பொழுது சாயும் முன் முள்கிளைகளை இழுத்து வந்து ஓட்டையை அடைத்தாள். ஒரு நாளும் தவறவில்லை.

ஆறாம் நாள் தூறல் விழுந்தது. நனைந்துகொண்டு புதர்வரை நடக்கச் சிலும்பனுக்குச் சோம்பல். ஓட்டைக்கு வெளியிலேயே ஒதுங்கினான். "ஒரு தடவைதானே!" என்று நினைத்துக்கொண்டான்.

அந்த ஒரு தடவை போதுமாக இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் முள்கிளை அசையும் சத்தம் கேட்டது.

"தங்கச்சி! வீட்டு வேலை நடக்குதாமே! பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்!"

நரியின் குரல்! கூராயி குட்டிகளை மாமனாரிடம் போகச் சொல்லிக் கண் காட்டினாள்.

"வேலை இன்னும் முடியலை, அண்ணே! முடிஞ்சதும் சொல்லி அனுப்புறேன்!"

"குட்டிங்களையாவது பார்த்துட்டுப் போறேனே!"

நரி ஒரு கிளையை இழுத்துப் போட்டது. இன்னொன்றையும் இழுத்தது. கூராயி ஓட்டைக்கு முதுகைக் காட்டி நின்றாள். உடம்பு முள் அத்தனையும் சிலிர்த்து எழுந்து சடசடத்தது. நரியின் மூக்கு உள்ளே நீண்டதுதான் தாமதம், பின்பக்கமாக ஒரே பாய்ச்சல்!

"ஐயோ!" என்று நரி அலறியது. மூக்கில் மூன்று முள் குத்தி நிற்க, ஏரிப் பக்கம் ஓடியே போயிற்று.

சிலும்பன் தலையைத் தொங்கப் போட்டு நின்றான். "என்னாலதான் வந்துச்சு..."

"ஆமா, உங்களாலதான்!" என்றாள் கூராயி. "முதல்ல அந்த இடத்துல மண்ணைப் போட்டு மூடுங்க. இங்கேயே காவல் இருங்க. நான் மேஸ்திரியைக் கூட்டிட்டு வர்றேன்!"

கல்யாண வளையில் பந்தி நடந்துகொண்டிருந்தது. மேஸ்திரி இலையில் குனிந்திருந்தார்.

"அடடே, வா தாயி! நாளைக்கு மறுவிருந்து ஒண்ணு இருக்கு, அதை முடிச்சுட்டு..."

"நிதானமாச் சாப்பிடுங்க, மேஸ்திரி. நீங்க எழுந்திரிக்கிற வரைக்கும் நான் இங்கேயே நிக்கிறேன்!"

அவர் பக்கத்திலேயே முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு பக்கமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையோடு நகர்ந்தார்கள். மேஸ்திரி பாயசத்துக்குக்கூடக் காத்திருக்காமல் எழுந்துவிட்டார்!

அன்று முதல் சிலும்பனே மண் அள்ளிக் கொட்டினான். தூறலோ வெயிலோ, புதர்வரை நடந்து போனான். மூன்று நாள் வேலை பன்னிரண்டாம் நாள் முடிந்தது. அத்தனை நாளும் கிழங்கில் புழுதி படியவில்லை. குட்டிகளின் தும்மல்கூட நின்றிருந்தது.

இரண்டு நாள் கழித்து மழை கொட்டியது. மலையே கரைந்து வருவது போல இரைச்சல். கூராயி எழுந்து போய்ப் புதுச் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். பொட்டு ஈரம் இல்லை.

"கூராயி, இன்னும் என்னம்மா வேலை பாக்கி?" என்று கேட்டார் மாமனார்.

"தூங்கணும், மாமா!"

குட்டிகளுக்கு நடுவில் போய்ப் படுத்தாள். படுத்த மாத்திரத்தில் தூங்கிப்போனாள்.

வேலை எத்தனை நாளில் முடியும் என்று கேட்பதோடு நின்றுவிடாமல், அது முடியும்வரை வீட்டில் இருப்பவர்கள் எப்படி வாழ்வார்கள் என்பதற்கும் முன்கூட்டியே வழி செய்கிறவரே வீட்டைக் காக்கிறார்.