அளவுச் சட்டை

ஒரு விடுகதை. நம் கழுத்து அதற்குத் தெரியும். தோளும் இடுப்பும் தெரியும். நாம் வீட்டில் இருப்போம், அது மட்டும் ஒரு பைக்குள் மடங்கித் தையல்காரரிடம் போய்வரும். நாம் வளர்வோம், அது வளராது. அது என்ன?

அளவுச் சட்டை. புதுச்சட்டைக்கு அளவு பார்க்க நாம் கொடுத்தனுப்பும் பழைய சட்டை.

வேணி அப்படி ஒரு சட்டையோடுதான் தையல் வகுப்புக்கு வந்தாள். கூடவே நீலத்துணி ஒன்றும், சுருட்டிய பழுப்புக் காகிதமும் கொண்டுவந்தாள். காகிதத்தில் எட்டு வயதுப் பெண்ணுக்கான ஃபிராக் வரைந்திருந்தது. அதை வெட்டிக் கொடுத்தது ஹாஜிரா டீச்சர். டீச்சர் வேணியைவிட வயதில் சின்னவர். மாணவியை அவர் ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்.

“டீச்சர், முதல் ஃபிராக் தலையிலேயே மாட்டிக்கிச்சு. ரெண்டாவது தோள்ல நிக்காம வழியுது. இது மூணாவது துணி. கத்திரி வைக்கவே கை வரலை.”

“காகிதத்துல என்ன மாத்தினீங்க?”

“அளவுச் சட்டையை மேல வச்சுப் பார்த்தேன். அது போன வருஷத்துச் சட்டை. அதான் சுத்திலும் ஒரு இன்ச் கூட்டினேன்.”

“சுத்திலுமா? பிள்ளை என்ன பூசணிக்காயா, சுத்திலும் வளர?”

வேணி சிரிக்கவில்லை.

டீச்சர் காகிதத்தை மேசையில் விரித்தார். “உயரம் கூடியிருந்தா இங்கே குறுக்கே வெட்டி விரிக்கணும். அகலம் கூடியிருந்தா நெடுக்கே. எங்கே வெட்டணும்னு காகிதத்துக்கும் தெரியாது, சட்டைக்கும் தெரியாது. நித்திலாவை அளந்தீங்களா?”

“இல்லை.”

“ஏன்?”

வேணி நீலத்துணியின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள். நித்திலா அவள் கணவரின் முதல் மனைவிக்குப் பிறந்தவள். அந்த அம்மா இறந்து மூன்று வருடம் கழித்துத்தான் வேணி அந்த வீட்டுக்கு வந்தாள்.

“ஒரு தடவை டேப்பை எடுத்துட்டுப் போனேன் டீச்சர். அக்குள் பக்கம் கொண்டு போனதும் நெளிஞ்சா. என் கையைத் தட்டிவிட்டுட்டு ஓடியே போயிட்டா. நான் தொட்டா அவளுக்குப் பிடிக்கலை. அப்புறம் நான் கேட்கவே இல்லை.”

“அவ என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லலை. ஞாயித்துக்கிழமை பிறந்தநாள். கடையில ரெடிமேட் வாங்கிக்கலாம்னு அவங்க அப்பா சொல்லிட்டார். நான் தைச்சு அவ போடணும்னு ஆசைப்பட்டேன். பிடிக்காத பிள்ளையை எப்படி டீச்சர் அளக்கிறது?”

டீச்சர் டேப்பை எடுத்து வேணியிடம் நீட்டினார். எழுந்து நின்று இரண்டு கைகளையும் தூக்கினார்.

“என்னை அளங்க. அவளை அளந்த மாதிரியே.”

வேணி டேப்பைச் சுற்றிக் கொண்டுவந்தாள். அன்று போலவே விரல் நுனியால் பிடித்தாள். பட்டும் படாமலும் அது அக்குள் ஓரம் நகர்ந்தது.

“ஐயோ!”

டீச்சர் துள்ளினார். வேணியின் கையைத் தட்டிவிட்டார். ஜன்னல் வரைக்கும் ஓடிவிட்டார். தையல் இயந்திரங்களில் இருந்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். டீச்சருக்குச் சிரிப்பில் மூச்சு வாங்கியது.

“கையைத் தட்டிவிட்டேனா?”

“ஆமா.”

“எனக்கு உங்களைப் பிடிக்காதா அக்கா?”

வேணி டேப்பைப் பார்த்தாள். ஜன்னலோரம் நின்ற டீச்சரைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். வெகுநேரம் தலையில் இருந்த குடத்தை இறக்கி வைத்தவள் போல் உட்கார்ந்தாள்.

“கூச்சமா? வெறும் கூச்சமா டீச்சர்?”

“அவகிட்டயே கேளுங்க.”

“கூச்சம்தான்னு சொன்னா? அப்புறம் எப்படி அளக்கிறது?”

“நல்லா அழுத்திப் பிடிங்க, அக்கா. அழுத்திப் பிடிச்சா கூசாது.”

அன்று மாலை நித்திலா பள்ளிவிட்டு வந்து பால் குடித்தாள். குடித்து முடிக்கும்வரை வேணி காத்திருந்தாள்.

“நித்தி, அன்னிக்கு டேப் வச்சப்போ ஏன் ஓடினே?”

“நீங்கதான் கிச்சுகிச்சு மூட்டினீங்க!”

“நான் மூட்டலையே.”

“மூட்டினீங்க. எறும்பு மாதிரி.”

வேணி வாய்விட்டுச் சிரித்தாள். நித்திலா அவளை முறைத்தாள். அப்புறம் அவளும் சிரித்தாள்.

“இந்தத் தடவை எறும்பு வராது. அழுத்திப் பிடிக்கிறேன். தோள், கை, இடுப்பு, அக்குளுக்குக் கீழே ஒரு சுத்து. இவ்வளவுதான். கூசாத இடமா ஒண்ணு சொல்லு, அங்கேயிருந்து ஆரம்பிக்கிறேன்.”

நித்திலா டேப்பைப் பார்த்து யோசித்தாள்.

இரண்டு கைகளையும் தூக்கி, அக்குளைக் காட்டினாள்.