புத்தகத்தில் இல்லாத வரி

பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் கல்லூரியில் தத்துவம் நடத்தி ஓய்வுபெற்ற ஆவுடைநாயகி, திபெத்திய மொழி படிக்கவென்று இமாசல மலையடிவாரத்தில் இருந்த ஒரு பிக்குணிகள் மடத்துக்கு வந்து சேர்ந்தாள். வயது ஐம்பத்தொன்பது. பௌத்த தத்துவத்தை ஆங்கிலத்தில் கரைத்துக் குடித்தவள் என்று பெயர். இங்கே முதல் மூன்று மாதம் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியிருந்தது. அது அவளுக்குப் பெரிய மானக்கேடாக இருந்தது.

அவளுடைய ஆசிரியை யாங்சென் என்ற பிக்குணிக்கு வயது முப்பத்திரண்டுதான். ஆசிரியையை அங்கே 'கென்-லா' என்று அழைப்பார்கள். யாங்செனுக்குத் தமிழ் தெரியும். சின்ன வயதில் குளிர்காலந்தோறும் அவளுடைய அம்மா திருநெல்வேலியில், வண்ணார்பேட்டைச் சாலையோரம் ஸ்வெட்டர் விற்றாள். அந்த ஊர் வெயிலில் ஸ்வெட்டர் விற்றவர்களுக்கு உலகத்தில் வேறு எதுதான் முடியாது? பேரம் பேசிப் பழகிய தமிழ் அவளுடையது. தத்துவமும் அதிலேதான் வரும்.

மடத்தில் மாலைதோறும் முற்றத்தில் வாதம் நடக்கும். பதில் சொல்கிறவள் தரையில் உட்கார்ந்திருப்பாள். கேள்வி கேட்கிறவள் நின்றுகொண்டு, ஒவ்வொரு கேள்விக்கும் காலை ஓங்கி மிதித்துக் கையைத் தட்டுவாள். பதில் தாமதமானால் சுற்றியிருப்பவர்கள் "சிர்! சிர்!" என்று அவசரப்படுத்துவார்கள். உட்கார்ந்தவள் தான் சொன்னதைத் தானே மறுத்துவிட்டால் தோற்றாள். அப்போது நின்றவள் கையைத் தலைக்கு மேல் மூன்று முறை சுற்றி "ட்ஸா!" என்று கத்துவாள். வெட்கம், வெட்கம் என்று சொல்வதுபோல. யாரும் அதை மனதில் வைத்துக்கொள்வதில்லை. முடிந்ததும் சேர்ந்து டீ குடிக்கப் போவார்கள்.

அந்த வாரப் பாடம், நல்ல மனங்கள் பதினொன்று. பட்டியலில் இரண்டாவது வெட்கம்.

அன்று பதில் சொல்ல உட்கார்ந்தவள் டோல்கர். மேலே ஸ்பிதி மலைப் பக்கம் ஆடு மேய்த்தவள், முப்பது வயதுக்கு மேல்தான் எழுத்தே கற்றவள். ஆவுடைநாயகி நின்றாள்.

"வெட்கம் நல்ல மனமா?"

"ஏற்கிறேன்."

"பிடிபட்ட திருடன் வெட்கப்படுகிறான். அதுவும் நல்ல மனமா?"

டோல்கர் கொஞ்சம் யோசித்தாள். "அது வெட்கமில்லை. பயம்."

முற்றம் கொல்லென்று சிரித்தது. சரியான பதில்தான். ஆடு மேய்த்தவள் பேராசிரியையை மடக்கிவிட்டாள். ஆவுடைநாயகிக்குக் காது சுட்டது. காலை ஓங்கி மிதித்தாள்.

"'மனத்தைச் சுடுவது எதுவும் நல்ல மனமாகாது.' மூலநூல் சொல்கிறது!"

சொல்லும்போதே அவளுக்குள் ஒரு சந்தேகம் எழுந்தது. கை தட்டிய சத்தத்தில் அதை அமுக்கிவிட்டாள்.

நூல் என்றதும் டோல்கர் ஒடுங்கிப்போனாள். இவ்வளவு படித்தவள் சொல்கிறாள், நூலில் இல்லாமலா இருக்கும்?

"அப்படியானால், வெட்கம் நல்ல மனமில்லை" என்றாள்.

"ட்ஸா!" மூன்று சுற்று. அதோடு விட்டிருக்கலாம். ஆவுடைநாயகி இன்னொரு முறையும் கையைச் சுற்றினாள். "ட்ஸா!"

மறுநாள் விடியற்காலை, மனப்பாட நேரத்தில் மூலநூலைப் புரட்டினாள். அந்த வரி இல்லை. இரண்டாம் முறையும் புரட்டினாள். மூன்றாம் முறை புரட்டும்போதுதான் அது எங்கே இருக்கிறது என்று நினைவு வந்தது. பி.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்கு அவளே எழுதிக்கொடுத்த நோட்ஸில் இருந்தது.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு காலைச் சாப்பாட்டுக்குப் போனாள். அங்கே பேச்சு அடிபட்டது. டோல்கர் படிப்பை விட்டுவிட்டு அடுக்களை வேலைக்கே போகிறேன் என்று சொல்லிவிட்டாளாம். வருகிற திங்கட்கிழமையிலிருந்து. நூலெல்லாம் என் மண்டையில் ஏறாது என்றாளாம்.

ஆவுடைநாயகி பாதி ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தாள்.

யாங்சென் துவைத்த துணியைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"கென்-லா, ஒரு சந்தேகம். வாதத்துல ஒருத்தி தெரியாம நூல்ல இல்லாததைச் சொல்லிட்டா, அது பொய்யா?"

"ஒருத்தியா?"

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது. "நான்தான்" என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். சந்தேகம் எழுந்ததை மட்டும் விட்டுவிட்டாள்.

"நீங்க டோல்கர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, கென்-லா. நீங்க சொன்னா கேப்பா."

யாங்சென் துணியை உதறினாள்.

"எனக்கு அப்போ பத்து வயசுக்கா. டெல்லில இருக்க மகனைப் பாக்கப் போறேன்னு ஒரு அம்மா வந்தாங்க. நான்தான் ஸ்வெட்டர் எடுத்துக் குடுத்தேன். அவங்க போன பொறவு பாத்தா, பிரிஞ்சுபோச்சுன்னு ஒதுக்கி வச்சதைக் குடுத்திருக்கேன். கக்கத்துல இம்புட்டுப் பெரிய ஓட்டை."

"சின்னப் பிள்ளை. தெரியாமத்தானே குடுத்தீங்க?"

"மடிக்கும்போதே கையில பட்டுச்சுக்கா."

ஆவுடைநாயகி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ராத்திரிச் சாப்பாட்டுக்கு உக்காந்தப்போ அம்மாகிட்ட அழுதுக்கிட்டே சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"'என்கிட்ட ஏன் சொல்லுத? எனக்கா குளிருது?'ன்னாங்க."

"அந்த அம்மாவைக் கண்டுபிடிச்சீங்களா?"

"எங்கக்கா? ரயில் போயிட்டு. டோல்கர் அடுக்களைக்குப் போக இன்னும் மூணு நாள் இருக்கு."

ஆவுடைநாயகி நேரே அடுக்களைக்குப் போனாள். அன்றைய சமையல் முறை டோல்கருடையது. தனியாக மாவு பிசைந்துகொண்டிருந்தாள். வாசலில் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, தணிந்த குரலில், தனக்கு வந்த திபெத்தியத்தில் மன்னிப்புக் கேட்டாள்.

டோல்கர் சிரித்தாள். "இதுக்குப் போயா? எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல அக்கா."

"அப்போ வகுப்புக்கு வந்திரு."

"வேண்டாம் அக்கா. நான் வாயைத் திறந்தாலே அங்க எல்லாரும் சிரிக்காங்க. இங்க மாவு சிரிக்காது."

அறைக்குத் திரும்பிய ஆவுடைநாயகி வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வாசல் பார்த்துக் கேட்ட மன்னிப்பை நினைக்க நினைக்க உடம்பே கூசியது. ஊருக்குப் பஸ் ஏறிவிடலாமா என்றுகூட நினைத்தாள். பெட்டியைக் கீழே இறக்கினாள். பிறகு அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

அன்று மாலை முற்றத்தில் அறுபது பிக்குணிகள் கூடியிருந்தார்கள். ஆவுடைநாயகி போய்ப் பதில் சொல்கிறவளின் இடத்தில் உட்கார்ந்தாள். "டோல்கர் கேட்கட்டும்" என்றாள்.

அடுக்களையிலிருந்து டோல்கரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். என்ன கேட்பதென்று தெரியாமல் நின்றாள். பிறகு தயங்கித் தயங்கிக் கையைத் தட்டினாள். மாவு பறந்தது.

"நேற்றுச் சொன்ன வரி எந்த நூலில் இருக்கிறது?"

"எந்த நூலிலும் இல்லை. அது நானே எழுதியது. சொல்லும்போதே எனக்குச் சந்தேகம் இருந்தது. ஜெயிக்க வேண்டும் என்று சொன்னேன். டோல்கர் சொன்னதுதான் சரி."

பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது ஆவுடைநாயகிக்கு. எல்லோரும் டோல்கரின் கையைப் பார்த்தார்கள். கை தலைக்கு மேல் போனது. பிறகு சுற்றாமலே இறங்கியது.

டோல்கர் காலை மிதித்தாள். இந்த முறை பலமாக.

"வெட்கம் நல்ல மனமா?"

மூன்று மொழிகளில் மனப்பாடமாய்த் தெரிந்த பதில். ஆவுடைநாயகிக்குத் தொண்டையை விட்டு வரவில்லை. முகம் தீயாய் எரிந்தது. 'சிர், சிர்' என்று யாரும் அவசரப்படுத்தவில்லை. டோல்கர் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் காத்து நின்றாள்.

ஆவுடைநாயகி, முற்றத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்த யாங்செனைப் பார்த்தாள். பரீட்சையில் பதில் மறந்த பிள்ளை டீச்சரைப் பார்ப்பதுபோல.

அங்கே தமிழ் தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். யாங்சென் தமிழிலேயே சொன்னாள்.

"என்னை ஏன்க்கா பாக்கீங்க? எனக்கா குளிருது?"